மலைத் தோட்டத்தில் மரம் இறக்க மோட்டார் தள்ளுவண்டி: வாங்கும் முன் அளந்து பாருங்கள்

கீழ்ப்பழனி மலையில் காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கை வெட்டுவது ஒரு நாள் வேலை. வெட்டியதை லாரி நிற்கும் இடம் வரை கொண்டுசேர்ப்பதுதான் நாள்கணக்கில் இழுக்கும். சுமக்கிறவர்களின் இடுப்பும் முட்டியும் தேய்ந்துபோவதை வருஷக்கணக்காகப் பார்த்தவன் நான். அதனால்தான் மோட்டார் வண்டிக்கு, அதாவது இன்ஜின் வைத்து, பின்னால் நடந்தபடி ஓட்டும் தள்ளுவண்டிக்கு மாறினேன். (மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1955-ன்படி வெட்டுவதற்கு அனுமதி வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.)

முதலில் வாங்கியது மூன்று சக்கர வண்டி. "500 கிலோ தாங்கும்" என்றார் கடைக்காரர். கடைவாசல் சமதரையில் தாங்கவும் செய்தது. ஐப்பசி மழைக்கு அப்புறம், முதல் சரிவிலேயே சக்கரம் நின்ற இடத்தில் சுழன்று குழி பறித்தது. வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் மரத்தையும் நிலத்தையும் பார்த்திருக்க வேண்டும். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. மரத்தின் எடையைக் கணக்கிடுங்கள்

மர வியாபாரிகள் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 3 அடி சுற்றளவு, 6 அடி நீளத் துண்டுக்கு அது சுமார் 3.4 கன அடி. விலை பேச இந்தக் கணக்கு சரி, எடைக்குச் சரிவராது. உருண்டை மரத்தின் உண்மையான கன அளவில் இது நூற்றுக்கு 78 பங்குதான். அதே துண்டில் உண்மையில் 4.3 கன அடி மரம் இருக்கிறது. பச்சை மரத்தைத் தண்ணீர் எடைக்குச் சமமாக, கன அடிக்கு 28 கிலோ என்று வைத்துக்கொண்டால் 120 கிலோ வரும். மூன்று துண்டு ஏற்றினால் 360. வண்டி தாங்க வேண்டிய சுமை இதுதான், குறித்துக்கொள்ளுங்கள்.

2. சரிவை அளந்து பாருங்கள்

1 மீட்டர் குச்சி ஒன்று, ரசமட்டம் ஒன்று, டேப் ஒன்று போதும். குச்சியின் ஒரு முனையை மேட்டில் ஊன்றி, மட்டம் பார்த்து நேராகப் பிடியுங்கள். மறுமுனையிலிருந்து தரைக்கு எத்தனை சென்டிமீட்டர்? 18 என்றால் 10 டிகிரி, 27 என்றால் 15, 36 என்றால் 20. பாதையில் மிகவும் செங்குத்தான இடத்தில் அளக்க வேண்டும், சராசரி எடுக்கக் கூடாது. சிறிய பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றுக்கு 20 டிகிரிதான் எல்லை. அதற்கு மேல் சாய்ந்தால் உள்ளே ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, இன்ஜின் காய்ந்து ஓடும். அப்படிப்பட்ட இடம் இருந்தால் பாதையை வளைத்து வெட்டுங்கள், அல்லது பாதையின் அந்தப் பகுதிக்கு மட்டும் கயிறும், கையால் சுற்றிக் கயிற்றை இழுக்கும் கைவின்ச்சும் வையுங்கள்.

3. சக்கரமா, டிராக்கா?

கெட்டியான, சரிவில்லாத பாதைக்குச் சக்கரம் போதும், விலையும் குறைவு. ஈர மண், வேர், கல் என்றால் ரப்பர் டிராக்தான் (புல்டோசரில் இருப்பதுபோல் சக்கரங்களைச் சுற்றி ஓடும் அகலப் பட்டை). 18 செ.மீ. அகலமும் தரையில் 80 செ.மீ. நீளமும் படியும் இரண்டு டிராக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி, மரம் இரண்டும் சேர்ந்து 600 கிலோ என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம் சொச்சம்தான் அழுத்தும். நாம் ஒற்றைக் காலில் நிற்கும்போது மண்ணில் விழும் அழுத்தம் அதைவிட அதிகம். காபிச் செடியின் வேர் மேலாகவே ஓடுவதால், எனக்கு இது பெரிய விஷயம்.

பாதை அகலமும் முக்கியம். வண்டியின் அகலத்தைவிட ஒரு முழமாவது கூடுதலாக இருக்கட்டும். மரம் வைக்கும் இடத்தில் மண் அள்ளும் தொட்டி பொருத்திய வண்டி வேண்டாம். பக்கக் கம்பி நட்ட தட்டைப் படுக்கை கேளுங்கள்.

4. உங்கள் தோட்டத்திலேயே ஓட்டிப் பாருங்கள்

கடையில் ஓட்டிக் காட்டுவது போதாது. முதலில் பாதிச் சுமை ஏற்றி, மிதமான சரிவில் கைப்பிடி லீவரை விட்டுவிடுங்கள். வண்டி அதே இடத்தில் நின்று பிரேக் பிடிக்க வேண்டும். ஒரு சாண் உருண்டாலும் வாங்காதீர்கள். அடுத்து, இறக்கத்தில் திருப்பிப் பாருங்கள். திருப்பும் லீவர் கிளட்சை மட்டும் விடுவித்து, பிரேக் பிடிக்காத வண்டிகளில், நாம் திருப்ப நினைக்கும் பக்கத்து டிராக் சுமையின் வேகத்தில் தானாக ஓடி, வண்டி எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். புதிதாக ஓட்டுகிறவர் பதறிப்போவார். இந்தச் சோதனை முடியும்வரை வண்டிக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

5. ஏற்றும் முறையையும் யோசியுங்கள்

120 கிலோ துண்டை இடுப்புயரப் படுக்கைக்கு இரண்டு பேர் தூக்கினால், வண்டி வாங்கியதன் பலனே போய்விடும். படுக்கை தாழ்வாக இருக்கும் மாடலைத் தேர்ந்தெடுங்கள். வண்டியைச் சரிவின் கீழ்ப்பக்கம், மண்ணை வெட்டிச் சமப்படுத்திய திட்டில் நிறுத்தி, டிராக்குக்குக் கட்டை கொடுங்கள். மேட்டிலிருந்து படுக்கைக்கு இரண்டு பலகை போட்டு, துண்டின் இரு முனையிலும் கயிறு சுற்றி, மேலே நின்றபடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் தானாக உருண்டு ஏறிக்கொள்ளும். கனமான துண்டு அடியில், நடுவில் இருக்கட்டும். நாடாபோல் தட்டையான கயிற்றால் (ஸ்ட்ராப்) இறுக்குங்கள். ஐம்பது அடி போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், மரம் குலுங்கி அமர்ந்து கயிறு தளர்ந்திருக்கும்.