ஃபான் கொழுக்கியில் இருந்து தொடங்குங்கள்: கட்டச் சீலிங் செய்யும் விதம்

விறாந்தையைத் தாண்டி உள்ளே வந்ததும் தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாகத் தீராந்தி ஓடி, நடுவில் கட்டம் கட்டமாகப் பள்ளம் தெரியும் சீலிங்தான் இது. பழைய நாற்சார் வீட்டில் பனந்தீராந்தி கூரையைத் தாங்கியது. நாம் செய்யப்போவது எதையும் தாங்காத வெறும் பெட்டி. துணைக்கு ஒரு ஆள் இருந்தால் ஓடாவியார் இல்லாமலே செய்யலாம்.

நான் சொல்வது கொங்கிறீட் பிளாட் (தட்டைக் கூரை) போட்ட அறைக்கு. உயரம் 9 அடிக்குக் குறைவென்றால் இந்த ஆசை வேண்டாம். மாரி முடியட்டும்; பிளாட் எங்காவது ஊறினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இப்போது கணக்கு. என் அறை 12 அடிக்கு 15 அடி. முதலில் அகலத்தில் 3, நீளத்தில் 4 கட்டம் என்று கீறினேன். பார்த்தால், நடுவில் இருந்த ஃபான் கொழுக்கி சரியாகத் தீராந்திக்குள் போகிறது! இரண்டு பக்கமும் ஒற்றை எண் வந்தால்தான் கொழுக்கி கட்டத்தின் நடுவில் விழும். ஆகவே 3, 5. தீராந்தி அகலம் 6 அங்குலம், சுவரோரத்தில் மட்டும் பாதி, அதாவது 3. அப்படியென்றால் ஒவ்வொரு கட்டமும் 42க்கு 30 அங்குலம். இதைச் சுண்ணாம்பு நூல் அடித்துச் சீலிங்கிலேயே கீறிவிடுங்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பிழை உடனே தெரியும்.

கறையான் மருந்து பூசிய சலாகையை (அகலம் 5, தடிப்பு 2 அங்குலம், சுவரோரத்துக்கு அகலம் இரண்டரை) கோட்டின்மேல் வைத்து, இரண்டு அடிக்கு ஒரு றோல் பிளக் (கொங்கிறீட்டில் துளைத்துச் செருகி, உள்ளே திருகாணி முறுக்கும் சிறு குழல்) போட்டு இறுக்குங்கள். துளைக்குமுன் மெயின் சுவிச்சை நிறுத்தி, பிளாட்டுக்குள் வயர்க் குழாய் எங்கே போகிறதென்று பார்த்து, அந்த இடத்தை விட்டுத் துளையுங்கள். ட்ரில்லுக்கு பக்கத்து வீட்டுக் கரண்ட் போதும். கண்ணாடி போடாமல் அண்ணாந்து துளைத்தால் கண் முழுக்கத் தூள்தான்.

நெடுக்குச் சலாகை முழுதாக ஓடட்டும். குறுக்குச் சலாகையின் இரு நுனியிலும் அரை அங்குலம் விடுங்கள். நெடுக்குப் பலகை அதற்குள்தான் நுழையும். பிறகு அரை அங்குல பிளைவுட்டில் 5 அங்குல உயரப் பலகை வெட்டி, சலாகையின் இருபக்கமும் (சுவரோரத்தில் ஒருபக்கம் மட்டும்) பசையும் ஆணியும் வைத்து அடியுங்கள். தீராந்தியின் அடியை மூடும் பலகையை இந்தப் பக்கப்பலகைகளுக்கு இடையில் ஏற்ற, உட்பக்கம் ஒரு அங்குலச் சட்டம் ஒட்டிக்கொள்ளுங்கள். பிளைவுட் 8 அடிதான் வரும். பக்கப்பலகைப் பொருத்தைக் குறுக்குத் தீராந்தி வந்து முட்டும் இடத்தில் வைத்தால் மறைந்துவிடும்.

குறுக்குப் பலகைகளை ஒரே அளவில் வெட்டி அடுக்கிவைக்காதீர்கள். நம்முடைய சுவர் எதுவும் மூலைமட்டத்துக்கு நிற்பதில்லை. அந்தந்த இடத்தை அளந்து, ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) கூட வைத்து வெட்டி, அரத்தால் தேய்த்துப் பொருத்துங்கள். எஞ்சும் மெல்லிய இடைவெளிக்கு புட்டி இருக்கிறது.

அப்புறம் புட்டி, சாண்ட் பேப்பர், அண்டர்கோட், இரண்டு கை பெயின்ற். சீலிங்கும் தீராந்தியும் ஒரே வெள்ளையாக இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும். கடும் நிறம் அறையைக் கீழே இறக்கிவிடும்.

கடைசியாக ஃபான். இறக்கை தீராந்தியின் அடியைவிட நன்றாக இறங்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று வராது. பழைய கம்பி கட்டையாக இருந்தால் நீளமானதாக மாற்றுங்கள், நிலத்திலிருந்து 7 அடிக்குக் கீழே மட்டும் வரவிடாதீர்கள்.