கடின நீருக்குப் பூந்திக்கொட்டைச் சலவைத் திரவம்

திருகோணமலையில் கிணற்று நீர் கடினமான வீடுகளில், சவர்க்காரத்தின் கொழுப்பமிலம் கல்சியத்தோடும் மக்னீசியத்தோடும் சேர்ந்து சாம்பல் நிறப் படையாகத் துணியில் ஒட்டும். பூந்திக்கொட்டைத் தோலிலுள்ள சப்போனின் என்னும் நுரைப்பொருள் மின்னேற்றமற்றது, அப்படிப் படியாது.

காய்ந்த கொட்டைகளின் விதையை நீக்கி, 100 கிராம் தோலை 1 லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். மாரியில் பிடித்த மழைநீர் இருந்தால் மிக நல்லது. மறுநாள் மெல்லிய நெருப்பில் 30 நிமிடம் வைக்கவும். தளதளவென்று கொதித்தால் நுரை பொங்கி அடுப்பை அணைத்துவிடும். ஆறியதும் கையால் பிசைந்து, பழைய பருத்திச் சீலையில் வடியுங்கள்.

நீரின் கடினம் கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு லீற்றருக்கு 300 மில்லிகிராம் என்றால், 10 லீற்றர் வாளிக்கு நீரற்ற சலவைச் சோடா (சோடியம் காபனேற்றுத் தூள்) 3 கிராமுக்குச் சற்று மேல் வேண்டும். சோடாவை முதலில் கரைத்து 15 நிமிடம் விடுங்கள். வெண்படிவு அடியில் இறங்கும். தெளிந்த நீரை வேறு வாளிக்கு ஊற்றி, திரவம் 100 மில்லிலீற்றர் சேருங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது.

நுரை குறைவென்று மேலும் மேலும் ஊற்ற வேண்டாம்: வெள்ளை உடுப்பில் மஞ்சள் பிடிக்கும். மீனெண்ணெய் ஊறிய சாரத்துக்கு (லுங்கிக்கு) இது மட்டும் போதாது. தேங்காயெண்ணெய்க் கொழுப்பு மதுசாரத்திலிருந்து செய்யும் அல்கைல் பொலிகுளுக்கோசைட்டு என்னும் அழுக்கு நீக்கி கொஞ்சம் கலக்க வேண்டும்.

வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்து நாறும். ஐஸ் தட்டில் உறையவைத்து எடுங்கள். கழிவுநீரைக் குளத்திலோ களப்பிலோ ஊற்றவே கூடாது, சப்போனின் மீன்களைக் கொல்லும்.