'இந்த ஒரு குவார்ட்டர் மட்டும்' என்று மேலிடம் கேட்கும்போது

2000 அக்டோபர். அமெரிக்காவின் மிசிசிப்பியில் இருந்த வேர்ல்ட்காம் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் பெட்டி வின்சன் என்ற கணக்கு அதிகாரிக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. மற்ற தொலைபேசி நிறுவனங்களுக்குக் கொடுக்கும் கட்டணம் எகிறிவிட்டது. வேறு செலவுகளுக்காக ஒதுக்கி வைத்திருந்த 82.8 கோடி டாலரை எடுத்து அதைக் குறைத்துக் காட்டு என்றார்கள். தப்பு என்று அவருக்குத் தெரியும். ராஜினாமா கடிதமே எழுதி வைத்தார். நிறுவனத்தின் நிதித் தலைவர் (சி.எஃப்.ஓ.) ஸ்காட் சல்லிவன் கூப்பிட்டு, நம் நிறுவனம் நடுக்கடலில் நிற்கும் விமானந்தாங்கிக் கப்பல் மாதிரி, பறக்கும் விமானங்கள் எல்லாம் முதலில் இறங்கட்டும், அப்புறம் போகலாம் என்று சமாதானம் சொன்னார். வின்சன் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. கடிதம் மேசையிலேயே தங்கிவிட்டது.

'ஒரே ஒரு முறை' என்று நம்பியதுதான் முதல் தவறு, மற்ற எல்லாவற்றுக்கும் தாய். ஒரு குவார்ட்டரில், அதாவது மூன்று மாதக் கணக்கில், லாபத்தை ஏற்றிக் காட்டினால், அடுத்த குவார்ட்டரை அந்தப் பொய் எண்ணோடுதான் சந்தை ஒப்பிடும். பழைய ஓட்டையையும் அடைக்க வேண்டும், புது ஓட்டையையும் அடைக்க வேண்டும். 2001-ல் வேர்ல்ட்காமில் ஒதுக்கீடும் போதவில்லை. செலவு குறைந்து லாபம் கூடியதாகத் தெரிய, அன்றாடக் கட்டணச் செலவையே சொத்து என்று பதியத் தொடங்கினார்கள். 2002-ல் உள் தணிக்கைப் பிரிவின் சிந்தியா கூப்பர் குழு அதைக் கண்டுபிடித்தபோது தொகை 380 கோடி டாலர். பிறகு அது சுமார் 1,100 கோடியைத் தொட்டது.

'சொன்னது மேலதிகாரி, பொறுப்பும் அவருடையது' என்பது அடுத்த தவறு. வின்சனுக்கு ஐந்து மாதச் சிறை. நம் ஊரில் சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் வழக்கைப் பாருங்கள். கணக்கில் மட்டும் இருந்த ரூ.5,040 கோடி ரொக்கம் பற்றி 2009 ஜனவரியில் அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். புலி மேல் ஏறியவன் இறங்க வழி தெரியாமல் தவிப்பதைப் போல என்று அந்தக் கடிதத்தில் எழுதினார். 2015-ல் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ஏழு ஆண்டு தண்டனை விதித்த பத்துப் பேரில் நிதிப் பிரிவின் சாதாரண ஊழியர்களும் உண்டு. அவர்களை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறுவதில்லை.

எல்லாவற்றையும் வாய்வார்த்தையிலேயே விட்டுவிடுவதும், புகார் சொல்லாமல் இருப்பதும் தவறுதான். பங்குச் சந்தைப் பட்டியலில் உள்ள நிறுவனங்களில் முறைகேட்டைத் தெரிவிக்கும் ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 177-வது பிரிவு. தேவைப்பட்டால் தணிக்கைக் குழுத் தலைவரையே அணுகலாம்.

ஆறு மாதக் குடும்பச் செலவுக்குக் கையில் பணம் இல்லாமல் கணக்கு வேலையில் இருப்பதையும் நான் தவறென்றே சொல்வேன். இ.எம்.ஐ. கழுத்தை நெரிக்கும்போது 'முடியாது' என்ற சொல் வாயில் வராது.

சரி, நாளைக்கே அப்படி ஓர் உத்தரவு வந்தால்? ஜர்னல் என்ட்ரியை (கணக்கேட்டில் பதிவதை) தொடாதீர்கள். முதலில் ஒரு மெயில் அனுப்புங்கள்: "இந்தப் பதிவுக்கு ஆவணம் எது? எந்தக் கணக்கியல் விதிப்படி இதைச் செய்கிறோம்? எழுத்தில் தெரிவிக்கவும்."