நவம்பரில் ஒரு நாவல்: பீச் வண்டியில் எழுதியவளின் குறிப்புகள்

முதலில் ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டில் நவம்பர் மாதம் எப்படிப் போகும் என்று எழுதுங்கள். கதையை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம். 2022-இல் நான் இதைச் செய்யவில்லை. கதையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஒன்றாம் தேதி உட்கார்ந்தேன். ஒன்பதாம் தேதியோடு நின்றுபோனது.

பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவில், கல்யாணப் பத்திரிகையும் டைரியும் காலண்டரும் விற்கும் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வீடு திருவள்ளூரில். கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். புது வருஷ டைரிக்கும் தினசரி காலண்டருக்கும் ஆர்டர் குவிவது நவம்பரில்தான். தை முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிக்கிறவர்களும் அப்போதே வர ஆரம்பித்துவிடுவார்கள். அதோடு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் வேறு: 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி. இப்படிப்பட்ட மாதத்தில் நாவலா என்று நீங்கள் கேட்கலாம். 2024 நவம்பரில் அதே கடையில், அதே வேலையில் இருந்துகொண்டுதான் முப்பதாயிரம் சொல் எழுதி முடித்தேன். எப்படி முடிந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

நவம்பரைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை. 1999 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பேட்டி என்பவரும் நண்பர்களுமாக 21 பேர், ஒரே மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுதுவது என்று தொடங்கினார்கள். அடுத்த வருஷம் அதை நவம்பருக்கு மாற்றினார்கள். அந்த ஊரில் நவம்பரில் வானிலை மோசமாக இருக்கும், வெளியே போக மனம் வராது, எழுதலாம் என்பது கணக்கு. நேஷனல் நாவல் ரைட்டிங் மன்த் என்று பெயர், நேனோரைமோ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதை நடத்திவந்த அமைப்பை மூடுவதாக 2025 மார்ச்சில் அறிவித்துவிட்டார்கள். எழுதுவதற்கு அமைப்பு தேவையில்லை. ரயிலில் எங்கள் பெண்கள் பெட்டியில் வருகிற இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மூன்று பேராகத் தொடர்கிறோம். எங்கள் பக்கமும் அது அடைமழைக் காலம்தான்.

அவர்களுடைய இலக்கு 50,000 சொல், அதாவது நாளைக்கு 1,667. அது ஆங்கிலக் கணக்கு. தமிழில் எழுதுகிறவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு மனம் உடைய வேண்டாம். ‘அவள் வரமாட்டாளென்று தெரிந்திருந்தும் காத்திருந்தான்’ என்பது நமக்கு நாலே சொல். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல இன்னும் அதிகச் சொல் வேண்டும். வேற்றுமை உருபும் துணைவினையும் நம் மொழியில் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், அதே அளவு கதைக்கு நமக்கு எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். நான் 30,000 என்று வைத்துக்கொண்டேன். சலுகை எடுத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். 2024 நவம்பரில் எதுவும் எழுத முடியாது என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்த நாட்கள்: கணக்குத் தாக்கல் செய்ய 10, 11, 19, 20. பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமைதான், ஆனாலும் பில் சரிபார்க்கக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. ஏழாம் தேதி சூரசம்ஹாரம். ஆறு நாள் விரதம் இருந்த அத்தையைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். பிள்ளைகளில் யாருக்காவது காய்ச்சல் வரும் என்று இன்னொரு நாள். ஆக ஆறு நாள் போயிற்று. மிச்சம் 24. முப்பதாயிரத்தை 24-ஆல் வகுத்தால் 1,250. இந்த 1,250-தான் என் எண். முப்பதால் வகுத்து ஆயிரம் என்று வைத்திருந்தால் பதினோராம் தேதி ராத்திரி மூவாயிரம் சொல் கடனோடு படுத்திருப்பேன். 2022-இல் என்னை நிறுத்தியது அந்தக் கடன்தான். விடுபட்ட நாளை அடுத்த நாள் ஈடுகட்டப் பார்த்து, அதுவும் முடியாமல், பேனாவைப் பார்க்கவே பயமாகிவிட்டது. எழுதாத நாளை முதலிலேயே எழுதாத நாள் என்று குறித்துவிட்டால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம்.

அக்டோபரில் செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலை. எங்கள் கடையில் அட்டை வெட்டும்போது ஓரத்தில் நீளநீளமாகத் துண்டு விழும். அதில் நாற்பது எடுத்துவந்தேன். ஒரு துண்டுக்கு ஒரு சம்பவம்: யார், எங்கே, என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள். இரண்டு வரிக்கு மேல் அதில் இடமே இருக்காது, அதுதான் நல்லது. தினமும் மூன்று துண்டு பர்ஸில் போகும். ஒன்று எழுத வராவிட்டால் அடுத்தது. வரிசையாக எழுதியே தீரவேண்டும் என்று இல்லை. கதாநாயகி கல்யாணத்தை நான் ஐந்தாம் தேதி எழுதினேன், பெண் பார்க்க வந்ததை இருபத்திரண்டாம் தேதி எழுதினேன்.

எங்கே, எப்போது எழுதுவது? மேசையும் தனி அறையும் கிடைக்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குக் கிடைத்தது ரயில், சென்னை பீச் போகும் வண்டி. திருவள்ளூரில் ஏறினால் காலையில் உட்கார இடம் கிடைக்கும். புட்லூர், செவ்வாப்பேட்டை ரோடு, வேப்பம்பட்டு, திருநின்றவூர் என்று ஆவடி வருகிறவரை முழங்கையை அசைக்க முடியும், டைரியில் எழுதலாம். ஆவடியில் கூட்டம் ஏறிவிடும். அதற்குப்பின் கையால் எழுத முடியாது, கைபேசியில் கட்டைவிரலால் உரையாடல் மட்டும் தட்டுவேன். வில்லிவாக்கத்துக்கு மேல் அதுவும் நடக்காது. கண்ணை மூடிக்கொண்டு அடுத்த காட்சியை ஓட்டிப் பார்ப்பேன். சாயங்காலம் இது தலைகீழ்: ஆவடிவரை நின்றுகொண்டு யோசனை, அப்புறம் உட்கார்ந்து எழுத்து. உங்களுக்கு இது பஸ்ஸாக இருக்கலாம், பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் ஒரு மணி நேரமாக இருக்கலாம். எந்த இடத்தில் எந்த வகை எழுத்து வரும் என்று முதல் நான்கு நாளில் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிரைண்டர் ஓடும் நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். உளுந்து ஆடும்போது முடியாது, அடிக்கடி தண்ணீர் தெளித்துத் தள்ளிவிட வேண்டும். அரிசி போட்டபின் கொஞ்சம் விடலாம். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, காதைக் கல் சத்தத்தில் வைத்துக்கொண்டு எழுதுவேன். மாவு இறுகினால் சத்தம் மாறும், எழுந்து போய்க் கொஞ்சம் தண்ணீர். வாரத்துக்கு இரண்டு தடவை மாவு அரைக்கிறோம், ஒவ்வொரு தடவையும் இருநூறு, இருநூற்றைம்பது சொல் வந்தது.

பதினாறாம் தேதி கார்த்திகை பிறந்தது. என் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். இந்த மண்டல காலத்தில் எழுதவே முடியாது என்று முந்தைய வருஷங்களில் நினைத்திருந்தேன். நடந்தது வேறு. அவர் நாலரைக்குக் குளிக்க எழுந்திருப்பார், நானும் எழுந்து அடுப்பு, பாத்திரம் எல்லாம் சுத்தம் செய்து குளித்துவிடுவேன். அவர் பூஜையில் இருக்கும் நாற்பது நிமிஷம் பிள்ளைகளும் எழுந்திருக்க மாட்டார்கள். சாம்பிராணி வாசனையில், கூடத்து மூலையில் உட்கார்ந்து எழுதிய பக்கங்கள்தான் அந்த நாவலில் எனக்குப் பிடித்தவை. இந்த வீட்டு நேரம் எதுவும் தானாகக் கிடைக்காது, கேட்டு வாங்க வேண்டும். “அத்தை, இந்த ஒரு மாசம் ராத்திரி சப்பாத்தி மட்டும் நீங்க பாத்துக்கங்க, டிசம்பர் முழுக்க நான் பாத்துக்கறேன்” என்று கேட்டேன். “எழுதும்மா, யாரு வேணாங்கறா” என்றார். மாதக் கடைசி தேதியைச் சொல்லிக் கேட்டால் வீட்டில் ஒத்துக்கொள்கிறார்கள். ‘நான் இனிமேல் எழுதப்போகிறேன்’ என்று முடிவில்லாமல் சொன்னால் கலங்கிப்போகிறார்கள்.

கருவி பற்றிச் சுருக்கமாக. நான் எழுதியது விற்காமல் தங்கிப்போன பழைய வருஷ டைரியில். என் கையெழுத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 180 சொல். ஜனவரி 1-ஆம் தேதிப் பக்கத்தில் ஆரம்பித்து ஜூன் 15-ஐத் தொட்டால் முப்பதாயிரம். எவ்வளவு வந்திருக்கிறோம் என்று டைரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும், எண்ண வேண்டாம். கம்ப்யூட்டரில் அடிக்கிறவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகை கைக்கு இதமாக இருக்கும், அக்டோபரிலேயே பழகிவிடுங்கள். கைபேசியில் பேசினால் எழுதிக்கொள்ளும் வசதி இருக்கிறது. மொட்டைமாடியில் முயன்றேன். உரையாடலுக்குச் சரி. வட்டாரப் பேச்சைச் சொன்னால் வேறு எதையோ எழுதிவைக்கிறது.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். என் அப்பா கம்பாசிட்டர். திருவள்ளூரில் ஒரு சின்ன அச்சகத்தில் ஈய எழுத்து கோர்த்தவர். என் நாவலும் அப்படி ஒருவரைப் பற்றியதுதான். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலான 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. கொம்பு சுழித்த பழைய லையும் வளைந்த பழைய றாவும் போயின. எழுத்து கோர்க்கிறவரின் கை பழக்கத்தில் தானாக எழுத்துப் பெட்டியின் அந்தப் பழைய அறைக்குப் போய்விடும், அங்கே எழுத்து இருக்காது. அந்தக் கைதான் என் கதை.

அப்பா எழுத்து கோர்ப்பதைச் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு கையில் ஸ்டிக், அதாவது எழுத்தை வரியாக அடுக்கும் சின்னச் சட்டம்; இன்னொரு கை கேஸ் என்கிற எழுத்துப் பெட்டிக்கும் ஸ்டிக்குக்கும் போய்வந்துகொண்டே இருக்கும். கண் கையெழுத்துப் பிரதியில். கோர்த்த வரியைத் திரும்பிப் படிக்கவே மாட்டார். வரி நிறைந்தால் அடுத்த வரி, ஸ்டிக் நிறைந்தால் கேலி என்கிற நீளத் தட்டில் இறக்குவார். எல்லாம் முடிந்து நூல் கட்டி, மை தடவி, ஒரு புரூஃப் எடுத்த பிறகுதான் தப்பைத் தேடுவார். “கோக்கும்போது படிச்சா கை நின்னுடும் பாப்பா” என்பார். 2022-இல் நான் ஒவ்வொரு நாளும் முதல் நாள் எழுதியதைப் படித்துத் திருத்தினேன், கை நின்றது. 2024-இல் முப்பது நாளும் பின்பக்கம் திரும்பவே இல்லை. ஒரு பாத்திரத்தின் பெயர் நடுவில் மாறிவிட்டது, மாறிய பெயரிலேயே தொடர்ந்தேன். தெரியாத தகவல் வந்தால் ‘விசாரி’ என்று எழுதி ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும். ‘அந்த வருஷம் ஈய எழுத்து விலை – விசாரி.’ அதைத் தேடக் கைபேசியை எடுத்தால் அரைமணி நேரம் போய்விடும். மாதக் கடைசியில் என் டைரியில் இப்படி 37 வட்டம் இருந்தது.

ஒவ்வொரு நாளும் நிறுத்தும்போது, மறுநாள் எழுதவேண்டிய முதல் வரியை எழுதிவிட்டு நிறுத்துங்கள். பாதி வரியானாலும் போதும். காலையில் வண்டி கிளம்பும்போதே பேனா ஓடத் தொடங்கிவிடும்.

பதின்மூன்றிலிருந்து பதினெட்டாம் தேதிவரை மோசமாக இருக்கும் என்று எதிர்பாருங்கள். கதையில் ஆரம்ப வேகம் போய்விட்டது, முடிவு கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போது உதவியது, கதைக்குள் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்ததுதான். அச்சகத்துக்கு நோட்டீஸ் அடிக்க வருகிற ஒரு நாடகக்கார அம்மா. அட்டைத் துண்டு எதிலும் அவர் இல்லை. வந்து உட்கார்ந்து நாலு நாள் பேசினார், நாலாயிரம் சொல்லுக்குமேல் ஓடியது. திட்டத்தில் இல்லாதவர் வந்தால் தடுக்காதீர்கள்.

கடைசி நாள், நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த நாள். கடைக்குப் போகவில்லை. இன்னும் 900 சொல் பாக்கி. மத்தியானம் கரண்ட் போய்விட்டது. ஜன்னல் இடுக்கில் தண்ணீர் உள்ளே வர, பெண்ணும் பையனும் பழைய துணியைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். எமர்ஜென்சி விளக்கைச் சமையல் மேடையில் வைத்து நின்றபடியே எழுதினேன். டைரியில் ஜூன் 17-ஆம் தேதிப் பக்கத்தில் கதை முடிந்தது.

முடித்த கையோடு படிக்கக் கூடாது. டைரியைப் புடவை அலமாரியில் வைத்துவிட்டு மார்கழி முழுக்கத் தொடாமல் இருந்தேன். கடையில் அப்போது வேலையும் அப்படி. போகிக்கு வீடு ஒழிக்கும்போதுதான் எடுத்தேன். முதலில் படிக்கக் கொடுக்கும் ஆளைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். ‘நல்லாருக்கு’ என்று சொல்கிறவரைவிட, நீங்கள் எழுதிய தொழிலோ ஊரோ தெரிந்தவரைப் பிடியுங்கள். நான் அப்பாவிடம் கொடுத்தேன். பொங்கல் விடுமுறை மூன்று நாளும் திண்ணையில் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் படித்தார். 37 வட்டத்தில் 21-க்குப் பக்கத்திலேயே பென்சிலால் பதில் எழுதியிருந்தார். இன்னும் எட்டு இடத்தில் ஓரத்தில், அச்சகத்தில் புரூஃப் திருத்துகிற அதே குறிகள். முதல் குறி மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கதாநாயகன் வலது கையில் ஸ்டிக்கைப் பிடித்திருப்பதாக நான் எழுதியிருந்தேன். அதைச் சுழித்துவிட்டு எழுதியிருந்தார்: “இடது.”