காஸ்ட் செய்யும் இடத்திலேயே பிழை தெரியட்டும்

மரினா பே சாண்ட்ஸின் அஞ்சல் குறியீடு 018956. நிரலில் அதை இன்டீஜராக (முழு எண்ணாக) வைத்தால் முன்னாலிருக்கும் சுழியம் போய் 18956 ஆகிவிடும். சிங்கப்பூர் முகவரிகளோடு வேலை செய்பவர்கள் அதனால்தான் குறியீட்டை ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) வைக்கிறோம். தேக்கா நிலையத்தின் 210665-ஐ மட்டும் போட்டுச் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

ஜாவா நிரலில் குறியீடுகளின் பட்டியல் லிஸ்ட்<ஸ்ட்ரிங்>, அதாவது ஸ்ட்ரிங் மட்டுமே கொண்ட பட்டியல், என்று இருக்கும்போது இன்டீஜர் எப்படி உள்ளே நுழைகிறது? வெறும் ஆப்ஜெக்டாக (வகை குறிப்பிடாத பொருளாக) வந்ததை யாரோ லிஸ்ட்<ஸ்ட்ரிங்> என்று காஸ்ட் செய்திருப்பார்கள், அதாவது ‘இது இந்த வகைதான்’ என்று அடித்துச் சொல்லியிருப்பார்கள். நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரும் ‘அன்செக்ட்’ (சரிபார்க்கப்படவில்லை) என்று எச்சரித்திருக்கும். 2004-இல் ஜாவா 5-இல் ஜெனரிக்ஸ் (உள்ளிருக்கும் உறுப்பின் வகையையும் குறிக்கும் வசதி) வந்தபோது, பழைய நிரல்களும் ஓடவேண்டும் என்பதற்காக வகை விவரத்தை கம்பைல் செய்தபின் அழித்துவிடும்படி அமைத்தார்கள். ஓடும் நேரத்தில் ‘இது லிஸ்டா’ என்று மட்டுமே பார்க்க முடியும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பிழை வெடிப்பது வேறெங்கோ, ஒருவர் அதிலிருந்து ஸ்ட்ரிங்கை எடுக்கும் வரியில். நள்ளிரவில் அழைப்பு வந்து எழுந்திருப்பவர் குற்றமில்லாத கோப்பைத் துருவிக்கொண்டிருப்பார். எங்கள் குழுவில் சேரும் தம்பி தங்கைகளிடம் இந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வந்த பொருளை முதலில் லிஸ்ட்<?> (உறுப்பின் வகையைச் சொல்லாத பட்டியல்) ஆக மாற்றுங்கள். அதற்கு எச்சரிக்கை வராது. பிறகு ஒவ்வோர் உறுப்பையும், வகையைச் சோதிக்கும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் கொண்டு பார்த்து, ஸ்ட்ரிங்காக இருந்தால் புதிய பட்டியலில் சேருங்கள். ஜாவா 16 முதல் சோதனையையும் மாறியையும் ஒரே வரியில் எழுதலாம். ஸ்ட்ரிங் இல்லையென்றால் எத்தனையாவது உறுப்பு, என்ன வகை என்று சொல்லி அங்கேயே எக்ஸெப்ஷனை (பிழை அறிவிப்பை) எறியுங்கள். நகலெடுப்பது வீண் செலவு என்பார்கள். சில ஆயிரம் முகவரிகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அழைப்பவர் தீர்மானிக்கும் ‘டி’ வகையைத் திருப்பித் தரும் மெத்தடுக்குள் சும்மா (டி) என்று காஸ்ட் செய்வது இதைவிட மோசம். அழைப்பவர் எந்த வகையைக் கேட்டாலும் அது சரி என்று தலையாட்டும். ‘டி’ எந்த வகை என்று சொல்லும் கிளாஸ்<டி> ஒன்றையும் வாங்கிக்கொண்டு, அதன் காஸ்ட் மெத்தடால் மாற்றுங்கள். தவறு என்றால் அந்த வரியிலேயே நிற்கும். இன்ட் கிளாஸைக் கொடுத்தால் தோற்கும், இன்டீஜர் கிளாஸைக் கொடுங்கள். லிஸ்ட்<ஸ்ட்ரிங்> என்பதற்கென்று தனி கிளாஸ் கிடையாது. அங்கே மேலே சொன்ன நகல் முறைதான்.

ஜெனரிக் அரே (‘டி’ வகை உறுப்புகளின் அணி) போல, காஸ்ட்டைத் தவிர்க்கவே முடியாத இடமும் உண்டு. அங்கே எச்சரிக்கையை அடக்கும் சப்ரஸ்வார்னிங்ஸை அந்த ஒரு மாறியின் மேல் மட்டும் போட்டு, ஏன் பாதுகாப்பானது என்று பக்கத்தில் எழுதுங்கள். கிளாஸ் முழுவதற்கும் போட்டால் நாளை வரும் உண்மையான எச்சரிக்கையும் மறைந்துபோகும்.

பழைய நிரலில் இன்டீஜரை நுழைத்தவர் யார் என்று தெரியவில்லையா? பட்டியலை உருவாக்கும் இடத்தில் கலெக்ஷன்ஸ் கிளாஸின் செக்ட்லிஸ்ட் மெத்தடால் அதைச் சுற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். தவறான பொருளைச் சேர்க்கும் வரியிலேயே எக்ஸெப்ஷன் வரும்.