பழைய கப்பல் சட்டத்த படிக்கிறது எப்படி (காசு எங்கன்னு தேடுங்க)

அக்கா மகன் ஹிஸ்ட்ரி புரோஜெக்ட்டுக்கு 1794 அமெரிக்க கடற்படை சட்டத்த பிரிண்ட் எடுத்துக்கிட்டு பட்டர்வொர்த்லேர்ந்து ஃபெரி ஏறி பினாங்குக்கு வந்துட்டான், மாமா தல சுத்துதுன்னு. அவனுக்கு சொன்னதத்தான் இங்க எழுதறேன்.

மேலேர்ந்து வரிவரியா படிக்காதீங்க லா, தூங்கிடுவீங்க. மொத பிரிவுல வினைச்சொல் என்னன்னு பாருங்க. 44 பீரங்கி வச்ச கப்பல் நாலு, 36 பீரங்கி வச்ச கப்பல் ரெண்டு, வாங்கியோ வேற வழியிலயோ ஜனாதிபதி ஏற்பாடு பண்ணலாம், அவ்ளோதான் இருக்கும், "பண்ணலாம்"னா அதிகாரம், கட்டாயம் இல்ல. ஜனாதிபதி வாஷிங்டனோட அரசாங்கம் புதுசா கட்டுறதுன்னு முடிவு எடுத்து, ஜோஷுவா ஹம்ஃப்ரீஸ்ங்கிற கப்பல் கட்டுறவரு டிசைன் போட்டு, வேலைய ஆறு துறைமுகத்துக்கு பிரிச்சு விட்டதெல்லாம் அப்புறம் நடந்தது.

அடுத்து காசு. மார்ச் 27ல கையெழுத்தான அந்த சட்டத்துல கப்பலுக்கு எவ்ளோ செலவுன்னே இருக்காது! பையன் பக்கத்த திருப்பி திருப்பி பாத்தான் பாவம். வீட்டுல அப்பா "மோட்டர் வாங்கிக்கடா"ன்னு சொல்றது வேற, கையில வெள்ளி குடுக்கறது வேற இல்லியா, அதே மாதிரி ஜூன் 9ல தனி சட்டம் போட்டுத்தான் 6,88,888 டாலர் 82 சென்ட் ஒதுக்குனாங்க. அதனால எந்த நாட்டு சட்டமா இருந்தாலும் பணச் சட்டம் தனியா இருக்கான்னு தேடிட்டு அப்புறம் எழுதுங்க.

நடுவுல சம்பளம், சாப்பாடு எல்லாம் வரும், கேப்டனுக்கு மாசம் 75 டாலர், ஞாயித்துக்கெழம ஆளுக்கு ஒரு பவுண்டு ரொட்டி, ஒன்றரை பவுண்டு மாட்டிறைச்சி, அர பைண்ட் அரிசி. புரோஜெக்ட்டுக்கு தேவையில்லதான், ஆனா எனக்கு அதான் ரொம்ப புடிச்ச பகுதி.

கடைசி பிரிவத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க, விஷயமே அங்கதான் இருக்கு. வட ஆப்பிரிக்காவுல இருக்கிற அல்ஜியர்ஸ்காரங்க அமெரிக்க வியாபாரக் கப்பல புடிச்சதாலதான் இந்த சட்டமே வந்துச்சு, அதனால அவங்களோட சமாதானம் ஆயிட்டா வேலைய அப்படியே நிறுத்திடணும்னு அங்க எழுதியிருக்கும். நெசமாவே சமாதானம் ஆச்சு, வேலையும் நின்னுச்சு, 1796 ஏப்ரல்ல இன்னொரு சட்டம் போட்டு மூணே மூணு கப்பல மட்டும் முடிக்க விட்டாங்க, அந்த மூணுல ஒண்ணான கான்ஸ்டிடியூஷன் இன்னிக்கும் பாஸ்டன்ல மெதந்துக்கிட்டு இருக்கு.

இதே கேள்விங்கள வச்சு நம்ம ஊரு கதைய பாக்கணும்னா "மலாயா"ங்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல எடுத்துக்குங்க. 1912ல பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் சேந்த கூட்டு மாநிலங்க காசு குடுக்க ஒத்துக்கிச்சு, 1915ல கப்பல் தண்ணியில எறங்குச்சு, கட்டுனது இங்கிலாந்துல, ஓட்டுனதும் பிரிட்டிஷ் கடற்படைதான். பினாங்கு அந்த கூட்டத்துல இல்ல, நாம அப்ப ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட், அதாவது பிரிட்டிஷ்காரங்க நேரடியா ஆண்ட காலனி. பையன் ஒடனே கேட்டான், அப்ப காசு குடுத்தவங்களுக்கு கப்பல்ல என்ன உரிமைன்னு. அதையே தலைப்பா வச்சுக்கடான்னு சொல்லி ஃபெரிக்கு அனுப்பி வச்சேன்.