வளைவில் திரும்பும் ஹெட்லைட்: நம்ம ஊர் ரோட்டில் பழகுவது எப்படி?

அடாப்டிவ் ஹெட்லைட், அதாவது ரோட்டுக்கும் எதிர் வண்டிக்கும் ஏற்ப தானாக மாறும் லைட், இருக்கிறது என்று சொல்லி வண்டியை விற்றுவிடுகிறார்கள், அதை எங்கே போட வேண்டும், எங்கே அணைக்க வேண்டும் என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவர்களுக்கும், காங்கேயம் பக்கம் ராத்திரி தோட்டத்துக்குப் போய் வருகிறவர்களுக்கும் இது அவசியம் தெரிய வேண்டும்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எது என்று பாருங்கள், ஏனென்றால் மூன்று வேறு வேறு சமாச்சாரங்களை ஒரே பெயரில் சொல்கிறார்கள். ஸ்டீயரிங்கை ஒடித்தால் லைட்டும் கூடவே திரும்புவது ஒன்று, 1967-லேயே சிட்ரோன் டிஎஸ் காரில் வந்த பழைய யோசனை. முன் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமரா எதிர் வண்டியின் லைட்டைப் பார்த்து தானாக டிம் ஆக்குவது இன்னொன்று. மேட்ரிக்ஸ் எல்இடி என்றால் ஹை பீமிலேயே எதிரே வருகிறவர் மேல் விழும் பகுதியை மட்டும் அணைத்துக்கொள்ளும்.

எதுவானாலும் லெவல் சரியாக இருக்க வேண்டும். டயரில் காற்று பார்த்துவிட்டு, சமதரையில் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி லோ பீம் போடுங்கள். வெளிச்சம் வெட்டி நிற்கும் கோடு, லைட்டின் நடு உயரத்தைவிட சுமார் 5 செ.மீ. கீழே இருந்தால் சரி, இடது ஓரம் மட்டும் கொஞ்சம் மேலேறும். டிக்கியில் நாலு மூட்டை தேங்காய் ஏற்றினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், அப்போது லெவல் திருகை 0-வில் இருந்து 2, 3 என்று தள்ளி லைட்டைத் தாழ்த்துங்கள். அப்புறம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கும்போது கேமரா இருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள். முன் கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி கேலிபரேஷன் (பார்வையைச் சரியாக அமைப்பது) செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இனி ரோடு. கேமராவுக்குத் தெரிவது லைட்தான், ஆள் இல்லை. பின்பக்கம் சிவப்பு லைட்டே இல்லாமல் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர், சைக்கிள், நடந்து போகிறவர் எவரையும் நம்பி அதனிடம் ஒப்படைக்க முடியாது. பெருந்துறை, அவிநாசி பக்கம் நெடுஞ்சாலையில் நடுவே அரளி அடர்ந்து நிற்கிறது பாருங்கள், அங்கே எதிர் லாரியின் லைட் செடிக்குப் பின்னால் மறைந்துவிடும், கேமரா ஹை பீமை அப்படியே வைத்திருக்கும், ஆனால் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் லாரி டிரைவர் கண்ணில் அது நேராக அடிக்கும். அந்த மாதிரி இடத்தில் ஆட்டோ ஹை பீமை அணைத்துவிட்டுக் கையால் டிம் போடுங்கள்.

மலையிலும் அப்படித்தான். வளைவுக்கு அந்தப் பக்கம் வரும் வண்டி திரும்பின பிறகுதான் கேமராவுக்குத் தெரியும், அதற்குள் அவர் கண் கூசிவிடும். வளைவுக்கு முன்னாலேயே ஒரு முறை பாஸ் லைட் அடித்துவிட்டு லோ பீமுக்கு வாருங்கள், ஏறி வருகிறவருக்கு வழி விடுங்கள். பனி இறங்கினால் ஹை பீம் வெள்ளைச் சுவர் மாதிரி திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும், லோ பீமும் ஃபாக் லேம்பும் போதும். யானை நின்றால் தள்ளி நிறுத்தி லைட்டைத் தாழ்த்துங்கள், பாஸ் அடிக்கவே கூடாது.

உங்கள் வண்டி எத்தனை தூரத்தில் டிம் ஆகிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில், வீட்டில் ஒருவரை எக்ஸ்எல் மொபெட்டில் லைட் போட்டு எதிரே மெதுவாக வரச் சொல்லுங்கள், எந்த இடத்தில் கண் கூசியது என்று அவரையே கேளுங்கள். நிறைய வண்டிகளில் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல்தான் ஆட்டோ ஹை பீம் வேலை செய்யும், அது எவ்வளவு என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.